ஸ்கேனில் பாஸாகப் போனவன்

ஐம்பத்திரண்டு வயதுவரை நான் எந்த டாக்டரிடமும் உண்மை சொன்னதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. டாக்டர் என்பவர், நம்மை வேலையிலிருந்து எடுப்பதற்குக் காரணம் தேடுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் பக்கம், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது புரியும். அந்த வரிசைகளை நாங்கள் லைன் என்போம். லைனில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்களுக்கும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும்: ஃபிட், அன்ஃபிட். பூமிக்குள் போகும் ஷாஃப்டில் இறங்குகிறவர்களுக்கு மெடிக்கல் நடக்கும். அதில் ஃபிட் வாங்கினால் வேலை இருக்கும். அதனால் மெடிக்கலுக்கு முந்தின நாள் எங்கள் லைன் ஆண்கள் இருமலை எல்லாம் வீட்டிலேயே இருமித் தீர்த்துவிட்டுப் போவார்கள்.

“மூச்சு வாங்குதா?”

“இல்லீங்க.”

“ராத்திரில இருமல்?”

“அது பக்கத்து வூட்டுக்காரருங்க.”

சுரங்கத்தை மூடினார்கள். பழக்கத்தை யாரும் மூடவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன். ஒசூரில் கிரைண்டிங், பூனாவில் வெல்டிங் பட்டறை, பெல்லாரியில் லாரி, ஆந்திராவில் போர்வெல் வண்டி. போன இடத்தில் எல்லாம் மெடிக்கல். எல்லாவற்றிலும் பாஸ். (படிப்பில் காட்டாத திறமையை இதில் காட்டினேன்.) ஒசூரில் கண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போதே, முன்னால் போனவர்கள் வாசித்ததைக் கேட்டு எழுத்து அட்டை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். டாக்டர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் நான் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கும் ஃபிட்தான் போட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இரண்டு வருடம் முன்பு இடது கால் மரத்துப்போனது.

போர்வெல் வண்டியில் இரும்புக் குழாய் தூக்கித் தூக்கி இடுப்பில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அதை நான் கண்டுகொள்வதில்லை. அது பிறகு தொடைக்கு இறங்கியது. அதையும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, படியேறி, பாலம் கடந்து, அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டேன். என் மனைவி அம்சா பின்னாலிருந்து கேட்டாள்.

“இன்னாயா, இடது கால் செருப்பு எங்க?”

குனிந்து பார்த்தேன். வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று முதல் பிளாட்பாரத்திலேயே கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. பாலத்தின் தகரம் வெயிலில் காய்ந்துகிடந்தது. அதுவும் தெரியவில்லை.

“பழைய செருப்பு, லூஸா கீது” என்றேன்.

அம்சா திரும்பிப் போய் அதை எடுத்துவந்தாள். அவள் பெங்களூரில் ஒரு ஆபீசில் துப்புரவு வேலை பார்ப்பவள். பதினோரு வருடமாகத் தினமும் விடிகாலை ரயிலில் போய் வருகிறாள். அந்த ரயிலில் யாருக்கு எந்த ஊரில் எந்த டாக்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரமே ஒரு எலும்பு டாக்டர் முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டாள்.

அவர் என் பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். என் கணக்குப்படி தூக்கினேன். பாதம் அப்படியே இருந்தது.

“முதுகெலும்பு நடுவுல இருக்கிற வட்டு பிதுங்கி நரம்ப நசுக்குது போல. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. எங்கன்னு பாத்துட்டா ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா லேட் பண்ணக் கூடாது. நரம்பு செத்துட்டா அப்புறம் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. பாதம் தொங்கிடும்.”

வெளியே வந்ததும் அம்சா, “சீக்கிரம் எடுக்கணுமாம்” என்றாள். எனக்குக் காதில் விழுந்தது வேறு. ரொம்பக் கெட்டுப்போயிருந்தால் செய்ய மாட்டார்கள். அதாவது அன்ஃபிட். எனக்குக் காலை விட்டால் வேறு சர்டிஃபிகேட் கிடையாது. ஒரு இடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தவன் இல்லை. அந்தக் கால் போனால் திண்டாட்டம்தான். எனவே ஸ்கேனில் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெங்களூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். கூடவே ஒரு சீட்டும் கொடுத்தார்கள். முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது என்றார்கள். நான் அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தேன். படிக்கவில்லை, பத்திரமாக வைத்தேன்.

யோசனை கேட்க எனக்கு வேறு ஆள் இருந்தான். அம்சாவின் தம்பி கஜேந்திரன். அவனுக்கு ஒருமுறை சிறுநீரகத்தில் கல் வந்து வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். அன்றிலிருந்து ஸ்கேன் விஷயத்தில் எங்கள் லைனுக்கே அவன்தான் பெரிய டாக்டர்.

“மாமா, சோறு தின்னாத. ஒண்ணர லிட்டர் தண்ணி குடி. ஒண்ணுக்கு மட்டும் போயிடாத. போனியோ, படமே வராது. திருப்பி அனுப்பிடுவாங்க.”

“இது முதுகுக்குடா.”

“முதுகுன்னா இன்னா, வயித்துக்குப் பின்னாலதான கீது?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

குறிப்பிட்ட நாளில் முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, ஒன்றுமே சாப்பிடாமல் ரயிலேறினேன். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் தண்ணீரை ஆரம்பித்தேன். அம்சா என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு இவ்ளோ தண்ணி?”

“ஸ்கேனுக்கு.”

“யார் சொன்னது?”

“உன் தம்பி.”

“அப்போ சரியா இருக்காது” என்றாள். அதற்குள் பாட்டில் காலி.

ஆஸ்பத்திரியில் அம்சா கவுன்ட்டரில் பேப்பர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான நடை. அதன் கோடியில் ஸ்கேன் எடுக்கும் பெண் நின்று நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக வீட்டில் யாரும் இல்லாதபோது நான் பழகியதெல்லாம் இதற்காகத்தான். இடது முழங்காலைச் சற்று அதிகமாகத் தூக்கி, பாதத்தைத் தூக்கி வைப்பது போல் வைத்து, நொண்டாமல் நடந்தேன். (இராணுவ அணிவகுப்புபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.)

அவள் பெயர் ரூபா. பங்காருப்பேட்டைப் பெண், கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். கையில் ஒரு படிவம்.

“குத்கொளி, உட்காருங்க சார். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?”

“இல்லம்மா.”

“உடம்புக்குள்ள இரும்பு, பிளேட், ஸ்க்ரூ, பேஸ்மேக்கர்?”

“இல்ல.”

“வெல்டிங், கிரைண்டிங் வேலை பாத்திருக்கீங்களா? கண்ணுல இரும்புத்தூள் விழுந்திருக்கா?”

இந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறினேன். ஒசூரில் கிரைண்டிங் சக்கரத்திலிருந்து ஒரு துணுக்கு பறந்து என் வலது கண்ணில் ஏறியது உண்மை. அங்கிருந்த டாக்டர் பாதியை எடுத்துவிட்டு, மீதிக்கு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் எனக்குப் பூனா ரயில் இருந்தது. கண் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அது கண்ணின் விஷயம். நான் வந்திருப்பது முதுகுக்கு. இவளுக்கு எதற்கு?

“இல்லம்மா.”

“சின்ன ரூம்ல பயம் வருமா? உள்ளே குகை மாதிரி இருக்கும்.”

“எங்க நைனா முப்பது வருஷம் கேஜ்ல ஏறி பூமிக்குள்ள போனவரு.”

“உங்களுக்கு, சார்.”

“இல்ல.”

“ஒண்ணுக்குப் போறதுல கன்ட்ரோல் இருக்கா?”

“அதுல என்ன மாதிரி ஆளே கெடையாது” என்றேன். அந்த நிமிடத்தில் அது சத்தியமான வார்த்தை. ஒன்றரை லிட்டரும் கட்டுப்பாட்டில் இருந்தது.

“கால் மரத்துப்போகுதா?”

“இல்ல.”

“வலி?”

“இல்ல.”

ரூபா பேனாவை நிறுத்தினாள். “அப்போ எதுக்கு சார் வந்தீங்க?”

“டாக்டரு சொன்னாரு.”

கையெழுத்து போட்டேன். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கியைக் கட்டிக்கொண்டேன். முதுகுப் பக்கம் முடிச்சு. என் கை எட்டவில்லை, ரூபாவே கட்டிவிட்டாள். மோதிரம், வாட்ச், பெல்ட், பர்ஸ், சில்லறை, அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்து எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைக்கச் சொன்னாள். இந்தக் கண்டிப்பைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. உள்ளே இருப்பது பெரிய காந்தம், அதை அணைக்கவே மாட்டார்கள், நாற்காலியையே இழுத்துவிடும் என்றாள். ரொம்ப நேரம் ஆடாமல் படுக்க வேண்டும், சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம் வரும், காதுக்குப் பஞ்சு தருவேன், பயம் வந்தால் இந்த ரப்பர் உருண்டையை அமுக்குங்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என்னைக் கதவுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். உள்ளே இருந்த ஆள் எழுந்து வந்ததும் என் முறை. கதவுக்கும் எனக்கும் இரண்டடி.

தட்டை வீட்டார் கையில் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. ரூபா அம்சாவைக் கூப்பிட்டாள். அம்சா தட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மோதிரம் கீது. வாட்ச் கீது. தாயத்து கீது. எல்லாம் சரிமா.” பிறகு அவள் மிகச் சாதாரணமாகக் கேட்டாள். “கண்ணுல கீறத எப்போ எடுப்பீங்க?”

ரூபா கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

“கண்ணுல ஏன் இதே, என்ன இருக்கு?”

“இரும்புதான். ஒசூர்ல கிரைண்டிங்ல பூந்துச்சி. பாதி எடுத்தாங்க. பாதி உள்ளதான் கீது. வாணாம்னா எடுக்க வாணாம், எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க இரும்பு எல்லாத்தையும் கழட்டி வாங்கிக்கினீங்களே, அதான் சொன்னேன்.”

யாரும் சத்தம் போடவில்லை. என் தள்ளுவண்டி மட்டும் மிக வேகமாகப் பின்னால் போனது. நடை முழுக்கப் பின்னால் போய், காத்திருப்பவர்கள் உட்காரும் ஹால் வாசலில் போய் நின்றது. ரூபாவின் முகம் வெளுத்திருந்தது.

“சார், அந்தக் காந்தம் கண்ணுல இருக்கிற தூளை நகர்த்தும். உள்ளயே கிழிச்சிடும். கண்ணு போயிடும். நான் கேட்டேனே சார்?”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காலுக்காகக் கண்ணை விட்டிருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும், நாற்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா?

“அது எப்பவோ நடந்ததும்மா” என்றேன்.

ரூபா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்சாவை உட்காரவைத்துப் படிவத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஹாலில் இருபது பேராவது இருந்தார்கள். எல்லோரும் செல்போனைக் கீழே வைத்தார்கள்.

“ஆபரேஷன் ஏதாவது மேடம்?”

“பெல்லாரில குடல்வால் எடுத்தாங்க. தையல் பிரிக்கிறதுக்கு முன்னாலயே ஓடி வந்துட்டாரு. பஸ்லயே பிளேடால பிரிச்சிக்கினாரு.”

“கிரைண்டிங் வேலை எத்தன வருஷம்?”

“வுட்டு வுட்டு ஆறு. கண்ணாடி குடுப்பாங்க. தலைமேல போட்டுக்குவாரு.”

“சின்ன ரூம் பயம்?”

“வூட்டு பாத்ரூம் கதவுக்குத் தாப்பாளே போட மாட்டாரு. நான் வெளியில காவல் நிக்கணும்.”

ஹாலில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

“கால் மரத்துப்போறது?”

“போன மாசம் செருப்பு கழண்டதே தெரியாம பாலம் தாண்டிட்டாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து அவரு தூங்கும்போது உள்ளங்கால்ல ஊசியால குத்திப் பாத்தேன். அசையல. மூணு தபா குத்தினேன்.”

எனக்கு இது அதுவரை தெரியாது. உள்ளங்காலில் மூன்று சிவப்புப் புள்ளி இருந்ததைப் பார்த்து, மூட்டைப்பூச்சி என்று நினைத்துக் கட்டிலை வெயிலில் போட்டிருந்தேன்.

“ஒண்ணுக்கு கன்ட்ரோல்?” என்று ரூபா மெதுவாகக் கேட்டாள்.

“அத நான் சொல்றேன்” என்று தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்தேன். “கொஞ்சம் அவசரம்.”

அன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான். கட்டியிருந்த அங்கியின் முடிச்சு அவிழ்ந்த நிலையில், நொண்டிக்கொண்டே, இருபது பேர் பார்க்கப் போனேன். நொண்டாமல் நடக்கும் வித்தை நிறைந்த வயிற்றோடு வராது. திரும்பி வந்தபோது ரூபா என் பர்ஸிலிருந்த சீட்டை அம்சாவுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். முதுகு எம்ஆர்ஐக்குப் பட்டினி வேண்டாம். தண்ணீர் குடித்து அடக்க வேண்டாம். போய்விட்டு வருவதே நல்லது. பழைய ஆபரேஷன், உடம்பில் உள்ள இரும்பு, செய்த வேலை எதையும் மறைக்க வேண்டாம். பெரிய எழுத்தில், தமிழிலும் போட்டிருந்தார்கள்.

கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினார். கடுகில் பாதி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. நான் மேலே பார்த்தபோது அதுவும் இடம் மாறியிருந்தது. கண்ணோடு சேர்ந்தே அசைகிறது, அதனால் கண்ணுக்குள்தான் இருக்கிறது என்றார்.

“இவருக்கு எம்ஆர்ஐ கெடையாது. இனிமே எப்பவும்.”

ஒரு விஷயத்தில் நான் நினைத்தது சரிதான். உண்மையைச் சொன்னதும் திருப்பி அனுப்பினார்கள். வாழ்க்கையில் முதல் அன்ஃபிட். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் காத்திருந்த ஸ்கேன் போனது. படம் இல்லாமல் ஆபரேஷன் இல்லை. பாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது. அம்சாவைப் பார்த்து, “நீ வாயை மூடிக்கினு இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“இருந்திருந்தா? ஒத்தக் கண்ணோட ரெண்டு கால்ல ஊர் சுத்தியிருப்பியா?”

ரூபா வந்து, “சி.டி. பண்ணலாமான்னு டாக்டர் கேக்கறாங்க. அதுல காந்தம் இல்ல. நரம்பு அவ்வளவு தெளிவா வராது. ஆனா எலும்பும் வட்டும் தெரியும். சுவல்ப, கொஞ்சம் இருங்க” என்றாள். அன்று மதியம் ஒரு வளையத்துக்குள் போய்ச் சில நிமிடத்தில் வெளியே வந்தேன். உள்ளே போகும் முன் ரூபா ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றையும் அம்சாவிடம் கேட்டாள்.

படத்தில் வட்டு பிதுங்கியது தெரிந்தது. எலும்பு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, இது போதும் என்றார். அதே வாரம் அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கண் டாக்டர் ஒருவர், உள்ளே இருப்பது ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கிறது, இப்போதைக்குத் தொந்தரவு இல்லை, வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து காட்டுங்கள் என்று சொன்னார். அதையும் அம்சாவிடம்தான் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் எலும்பு டாக்டர் கட்டிலருகே வந்தார். பாதத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இந்த முறை அதுவும் மேலே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உணர்ச்சி எல்லாம் வந்துடுச்சா?”

“ஃபுல்லா வந்துடுச்சி சார். அஞ்சு வெரலும்.”

டாக்டர் எழுதப் போனார்.

“இரு சார்” என்றாள் கால்மாட்டில் நின்றிருந்த அம்சா. பிறகு என்னைப் பார்த்து, “யோவ், அங்கயே பாத்துக்கினு சொல்லு. இப்போ நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்?”

“சும்மா நின்னுக்கினு கீற” என்றேன்.

டாக்டர் சிரிப்பதைக் கேட்டுத் திரும்பினேன். என் சுண்டு விரலை அவள் நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

டாக்டர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு நாலு விரல் என்று மாற்றினார். பிறகு என் ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக ஏதோ எழுதினார். எனக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்வரை அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். வாசலில் ரூபாதான் படித்துச் சொன்னாள்: “எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்கவும்.”

இதைக் கஜேந்திரன் விடிகாலை ரயிலில் பெட்டி பெட்டியாகப் போய்ச் சொல்லிவிட்டான். (தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.) இப்போது நான் இரண்டு காலில் நடந்து போய் ரயிலேறுகிறேன். மாரிக்குப்பத்தில் ஏறி வந்தவர்கள், கோரமண்டலில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அன்பாக என் தோளைத் தொட்டு, “இப்போ எப்படிண்ணா கீது கால்?” என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை தலையும் அம்சா பக்கம் திரும்பிவிடுகிறது.

“சுண்டு வெரலு இன்னும் வரல” என்கிறாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “மீதி நாலும் நல்லா கீது. நேத்து ராத்திரிதான் குத்திப் பாத்தேன்.”